பொட்டலத்தின் மேல் பெயர் எழுதுங்கள்

நாட்டு மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

நான் சித்த மருத்துவம் படித்து, தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வைத்தியம் பார்க்கிறவள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, குணபாட வகுப்பில் பெயராக மட்டும் கேட்ட சரக்குகளை உங்களைப் போன்றவர்களின் கடைகளில்தான் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். சித்தரத்தை எது பேரரத்தை எது, நல்ல சுக்கு எப்படி ஒடியும், பூச்சி அரித்த அமுக்கராக் கிழங்கை எப்படி ஒதுக்குவது என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது மூட்டுவலி. முழங்கால் வீங்கினாலும், கால் பெருவிரல் சிவந்து கொதித்தாலும், விடிந்து எழும்போது கைவிரல் மடங்காமல் நின்றாலும், நம் ஊர்களில் பலரும் முதலில் ஏறுவது உங்கள் கடைப் படிதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். உங்களிடம் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பொட்டலத்தோடு திரும்பிவிடலாம். அப்படித் திரும்பியவர்கள் மாதக்கணக்கில் கழித்து என்னிடமோ அரசு மருத்துவமனைக்கோ வந்து சேருகிறார்கள். "இவ்வளவு நாளா என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "ஒரு பொடி" என்கிறார்கள். என்ன பொடி, எதெல்லாம் சேர்ந்தது, யார் இடித்தது, எதுவும் தெரியாது. அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உங்கள் டப்பாக்களில் இருப்பது சக்தியற்ற தழையும் வேரும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வீக்கத்தை வற்றவைக்கும் மருந்துகளில் உலகம் முழுக்கப் பயன்படும் பலவற்றுக்குத் தாய்வீடு செடிகள்தாம். 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூளைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துக் கண்ட பலனை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அந்தப் பட்டையின் சாரத்தைத் தேடிப் போன வழியில்தான் 1897இல் ஆஸ்பிரின் உருவானது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல்தான் ஜான் வேன் விளக்கினார். அதற்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மரப்பட்டையின் வேலையைப் புரிந்துகொள்ள மனிதருக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொரு செடி நம் ஊர்ச் செடி. கார்த்திகை மாதத்தில் வேலியோரம் தீக்கொழுந்து போலப் பூத்து நிற்கும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று ஊருக்கொரு பெயர் அதற்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி பக்கத்து வறண்ட நிலங்களிலும் வேதாரண்யம் பக்கத்து மணலிலும் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். கொடியைப் படரவிட்டு, பூ மலர்ந்ததும் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, காய் முற்றியதும் விதையை எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். அந்த விதையிலிருந்து பிரிப்பது கால்ச்சிசின் என்ற மருந்து. யூரிக் அமிலம் மூட்டில் படிகமாக இறங்கி, போர்வை பட்டால்கூட உயிர்போகும் வலி தரும் கவுட் வாதத்துக்கு இன்றும் உலகெங்கும் எழுதிக்கொடுக்கப்படும் மருந்து அது. அரை மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதயக் குழாய் நோயாளிகளுக்கும் இதைக் குறைந்த அளவில் தர அனுமதி கொடுத்தது. குழாய்ச் சுவரில் நீறுபூத்துக் கிடக்கும் அழற்சியை அது தணிக்கிறது என்பது காரணம்.

அதே செங்காந்தளின் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும், சிறுநீரகம் ஓயும். பிழைத்தவருக்குப் பத்துப் பதினைந்து நாளில் தலைமுடி கொட்டும். கால்ச்சிசின் குணப்படுத்தும் வழியும் கொல்லும் வழியும் ஒன்றுதான். செல்லுக்குள் இழை இழையாக இருக்கும் சட்டகத்தை அது கட்டவிடாமல் தடுக்கிறது. வெள்ளணுவில் தடுத்தால், அந்த அணு மூட்டை நோக்கி நகர முடியாமல் நிற்கிறது, வீக்கம் வற்றுகிறது. அளவு மீறிக் குடலிலும் மஜ்ஜையிலும் தடுத்தால், அங்கே செல் பிரிவதே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிகிராம் கணக்கு. உங்கள் தராசு அந்தக் கணக்குக்கு ஆனது அல்ல. வலுவான செடி என்று நாம் பெருமைப்படும்போது, அந்த வலு எந்தப் பக்கமும் திரும்பும் என்பதும் அந்தப் பெருமைக்குள் இருக்கிறது.

வீக்கம் எல்லாம் ஒன்றல்ல என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிபட்ட இடத்துக்கும் கிருமி புகுந்த இடத்துக்கும் ரத்தம் பாய்வதும், நீர் கசிவதும், வெள்ளணுக்கள் வந்து இறங்குவதும் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று அதன் நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் முள் குத்திய புண்கூட ஆறாது. வேலை முடிந்த பிறகும் அடங்க மறுக்கும்போது, அல்லது தன் மூட்டையே பகையாக நினைத்துத் தாக்கும்போதுதான் அது நோயாகிறது. வயதில் தேய்ந்த முழங்காலும், யூரிக் அமிலம் இறங்கிய பெருவிரலும், சீழ் பிடித்த மூட்டும், ருமட்டாய்டு வாதத்தில் வீங்கிய விரலும் கடைவாசலில் நின்று பார்த்தால் ஒரே வீக்கம்தான். உள்ளே நான்கும் நான்கு நோய். நான்குக்கும் ஒரே பொடி இருக்க முடியாது.

மஞ்சளுக்கு வருகிறேன். கடைக்கு வரும் மருத்துவப் பேச்சில் இன்று பாதி மஞ்சளைப் பற்றித்தான். அதன் குர்குமின் சத்து, அழற்சியைக் கிளப்பும் பல சமிக்ஞைகளை அடக்குகிறது என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. முழங்கால் தேய்மான வலியில் ஓரளவு குறைவு தெரிந்ததாகச் சில மருத்துவ ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் நூறு கிராம் மஞ்சளில் குர்குமின் சுமார் மூன்று கிராம்தான். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் பைபரின் சத்தை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப்போட்ட நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, கைப்பழக்கம் இருந்தது.

பாட்டி போட்டது இரண்டு சிட்டிகை. இப்போது உங்கள் கண்ணாடி அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கும் குர்குமின் மாத்திரை அப்படிப்பட்டது அல்ல. செறிவாக்கிய சாறு, பைபரின் சேர்த்து உறிஞ்சலைக் கூட்டியது, நாளுக்கு இரண்டு மூன்று. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று பிறகு தெரியவந்தது. இத்தாலி 2022இலும் ஆஸ்திரேலியா 2023இலும் எச்சரிக்கை வெளியிட்டன. குழம்பு மஞ்சளுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை இருக்கிறது. அளவிலும் உறிஞ்சலிலும் ஒற்றுமை இல்லை. மஞ்சள்தானே என்று சொல்லி விற்காதீர்கள். கண்ணில் மஞ்சள் தட்டினால், சிறுநீர் கறுத்துப் போனால், நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி விற்பதானால் விற்கலாம்.

மஞ்சளைப் பற்றி இன்னொரு செய்தியும் இந்த மடலுக்கு வேண்டும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. அந்த வாதத்தில் எங்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறோம் என்ற சொல் போதவில்லை. பழைய நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்ததால் ஜெயித்தோம். நம் வைத்தியத்தில் எது எழுதப்படாமல் கைமாறுகிறதோ அது நமக்கே எதிராகத் திரும்பும் என்பதை அன்றிலிருந்து நம்புகிறேன்.

எழுதப்படாமல் கைமாறுவதில் மிக மோசமானது, மூட்டுவலிக்குக் கொடுக்கும் அந்தப் பெயரில்லாத பொடி.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். கால்மூட்டு வலிக்கு ஏதோ ஒரு கடையில் ஒரு பொடி வாங்கியிருக்கிறார். "மூணாம் நாளே எந்திச்சு நடந்தேம்மா, அந்தப் பொடி தெய்வம்" என்றார். அவர் முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது. கைத்தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ஊதாத் திட்டு. சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. ஒரு மாதம் கையில் காசில்லாமல் பொடி வாங்காமல் விட்டிருக்கிறார். தலைசுற்றி, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனையில் சேர்த்துத்தான் மீட்டிருக்கிறார்கள். பொடிப் பையைக் காட்டச் சொன்னேன். வெள்ளைப் பிளாஸ்டிக் பை. பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. விற்ற கடைக்காரரிடம் விசாரித்தபோது அவர் உண்மையிலேயே பதறிப்போனார். மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து போடுகிற ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னார். உள்ளே என்ன என்று அவருக்கும் தெரியாது. அவர் கெட்டவர் அல்ல. தெரியாத சரக்கை விற்றவர்.

அந்த உடம்பு சொன்ன அடையாளம் எந்த மருத்துவ மாணவருக்கும் தெரிந்தது: ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுத்த படுக்கையாக இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது, 1950இல் நோபல் பரிசும் வந்தது. அதே வேகத்தில் பின்விளைவுகளும் வந்தன: உருண்ட முகம், நொறுங்கும் எலும்பு, ஏறும் சர்க்கரை, இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாவது. முறையாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருத்துவர் கையில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. பொடியில் ஒளிந்திருக்கும்போது, உட்கொள்கிறவருக்குத் தெரியாமலே அவருடைய சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூங்கவைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால், உடம்புக்கு வேண்டிய சுரப்பு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த அம்மா விழுந்தது அதனால்தான்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, இரண்டின் மாத்திரைகளும் மிக மலிவு. இடித்துச் சுக்குத்தூளில் கலந்தால் நிறம்கூட மாறாது. நம் நாட்டுக்கு மட்டும் வந்த கேடு அல்ல இது. 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூட்டுவலிக்கு மூலிகைத் தயாரிப்பு என்று விற்கப்பட்ட 'ஆர்ட்ரி கிங்' என்ற பொருளில் இந்த இரண்டு மருந்துகளும் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து மக்களை எச்சரித்தது.

உங்களுக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். நான் கொடுக்கும் அமுக்கராச் சூரணமோ, முடக்கற்றான் குடிநீரோ, பறங்கிச் சாம்பிராணி சேர்ந்த மருந்தோ வேலை செய்யும்போது வாரக்கணக்கில் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இரண்டாம் நாளே ஓடவைக்கிற மூலிகைப் பொடி எனக்குத் தெரிந்து எந்தச் சுவடியிலும் இல்லை. அப்படி ஒரு பொடியை யாராவது கொண்டுவந்து கமிஷன் பேசினால், அந்த வேகமே போதுமான சாட்சி. வாங்காதீர்கள். ஏற்கெனவே அப்படி ஒன்றை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுவரும் வாடிக்கையாளர் இருந்தால், "இன்னையோட நிறுத்திருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அது அவரைக் கொல்லலாம். பையைக் கையில் கொடுத்து, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதை மருத்துவர்தான் செய்ய முடியும்.

கலப்படம் இல்லாமலே, சரக்கு மாறியதால் வந்த கேடும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலியச் சிகிச்சை கொடுத்த ஓர் இடத்தில் சீன மூலிகைப் பொடி கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அதில் சேர வேண்டியது ஸ்டெபானியா என்ற கொடியின் வேர். வீக்கத்துக்கும் வாதத்துக்கும் சீன வைத்தியத்தில் பேர்போனது. சேர்ந்ததோ சீனப் பெயரில் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும் அரிஸ்டோலோக்கியா என்ற வேறு கொடியின் வேர். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தக் கொடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

அந்தக் குடும்பத்துச் செடிகள் இரண்டு உங்கள் கடையிலேயே இருக்கின்றன. ஆடுதின்னாப்பாளை ஒன்று, ஈசுரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்லும் கொடி இன்னொன்று. எங்கள் நூல்களில் இரண்டுக்கும் இடம் உண்டு, படித்தவள்தான் நான். ஆனாலும் இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், உள்ளுக்குச் சாப்பிட இவற்றை யாருக்கும் விற்கக் கூடாது என்பதே என் முடிவு. அந்தக் காலத்தில் சிறுநீரகத்தின் உள்ளே எட்டிப்பார்க்க வழியில்லை. இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோயை ஒரு வேரோடு முடிச்சுப் போடவும் வழியில்லை. நமக்கு இருக்கிறது. நூலை மதிக்கிறவர்கள் நூலுக்குப் பிறகு தெரியவந்ததையும் மதிக்க வேண்டும்.

உரிய சரக்கே சரியான அளவில் இருந்தாலும், வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறும். அதிமதுரத்தைப் பாருங்கள். தொண்டைக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் இதமான வேர், அழற்சியைத் தணிக்கும். அதைத் தினம் மென்றால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது எதிரி. திரிகடுகில் மிளகும் திப்பிலியும் இருக்கின்றன, இரண்டிலும் பைபரின். குர்குமினை ரத்தத்தில் கூட்டுகிற அதே பைபரின், வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயினையும் கூட்டும். ரசத்தில் போடுகிற மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். நாளுக்கு இருவேளை மருந்தாகச் சாப்பிடும்போது வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மஞ்சள் சாறும் சுக்குச் சாறும் செறிவாகக் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது; குடித்தது சீந்திலா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்ற கேள்வியும் எழுந்தது. எதுவாயிருந்தாலும், உடம்பு தன்னைத் தானே தாக்கும் நோய் உள்ளவருக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சரக்கைக் கொடுக்கும் முன் நான் பலமுறை யோசிக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. பொட்டலம் மடிக்கும்போது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுதீக?" என்று ஒரு கேள்வி. பெண்ணாக இருந்தால், "மாசமா இருக்கீகளா, பால் குடுக்கீகளா?" என்று இன்னொன்று. சர்க்கரை, பி.பி., ரத்தம் உறையாத மாத்திரை, வலிப்பு மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, இதில் ஒன்று பதிலில் வந்தாலும், "வைத்தியர் சீட்டு இல்லாம தரமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.

சிலரை உங்கள் வாசலிலிருந்தே திருப்பி அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு கொதிக்கக் கொதிக்க வீங்கியிருந்தால் உள்ளே சீழ் இருக்கலாம். சில நாளில் மூட்டையே அரித்துவிடும், ரத்தத்திலும் பரவும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்து, இரண்டு கையிலும் கணு வீங்கியிருந்தால் ருமட்டாய்டாக இருக்கலாம். அதில் முதல் இரண்டு ஆண்டுக்குள்தான் எலும்பு அதிகம் அரிபடுகிறது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் விரல் கோணாமல் காக்கலாம். அந்த ஆண்டுகளைப் பொடியில் கழித்துவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவரைப் பார்க்கும்போது என்னால் கோபப்படாமல் இருக்க முடிவதில்லை. குழந்தைக்கு மூட்டு வீங்கினால் கேள்வியே வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

பிறகு என்ன விற்பது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. சித்த மருத்துவத்தில் உள்மருந்து முப்பத்திரண்டு வகை என்றால் வெளிமருந்தும் முப்பத்திரண்டு வகை. பற்று, ஒற்றடம், வேது, கட்டு, பூச்சு எல்லாம் அதில் வரும். சுளுக்கு வீக்கத்துக்கு மூசாம்பரப் பற்று, தேய்மான முட்டிக்கு நொச்சியும் ஆமணக்கிலையும் வதக்கிய ஒற்றடம், வாதநாராயணன் தைலம் தேய்த்து வெந்நீர். வயதில் வரும் மூட்டுவலிக்கு இவை தரும் ஆறுதல் பெரிது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும்பாலும் போகாது. மிளகாயின் காரச்சத்தை வலிக்குப் பூசும் களிம்பாக அலோபதியே விற்கிறது. அந்தக் காரம் நரம்பில் எந்த வாசலைத் தட்டுகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு மட்டும் சூட்டு ஒற்றடம் சொல்லாதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். உணவாகச் சாப்பிட முடக்கற்றான் தோசையும் பிரண்டைத் துவையலும் இருக்கின்றன. பிரண்டையை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவருக்குப் பிரண்டை வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைத் தயாரிக்கத்தான் உரிமம் தேவை. விற்க உரிமம் தேவையில்லை. அதனால் உங்கள் கடையில் எது நுழைகிறது என்பதைக் காக்கும் கதவு நீங்கள்தான். பாக்கெட் மருந்து வாங்கும்போது தயாரிப்பு உரிமம் எண், தொகுதி எண், தேதி, சேர்ந்த சரக்குகளின் பட்டியல் நான்கும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். கன உலோக அளவுக்கும் எல்லை இருக்கிறது: ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, ஆர்சனிக் மூன்று, பாதரசம் ஒன்று, காட்மியம் 0.3. பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சேராங்கொட்டை, எட்டி, நாபி, நேர்வாளம், கலப்பைக் கிழங்கு எல்லாம் ஈ-1 என்ற நச்சுச் சரக்கு அட்டவணையில் உள்ளவை. சுத்தி செய்யாமல் உள்ளே போனால் விஷம். இவற்றைத் தனி அலமாரியில் பூட்டி வையுங்கள், சீட்டு இல்லாமல் தராதீர்கள். வாதநோயை முற்றிலும் குணப்படுத்துவதாகக் கடைவாசலில் பலகை வைப்பது மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இருந்தால் இறக்கிவிடுங்கள்.

எடைக்குக் கட்டிக்கொடுக்கும் சரக்குக்கு எந்தப் பாக்கெட்டும் கிடையாது. அங்கேதான் உங்கள் கை வேண்டும். சென்னை ராசப்ப செட்டித் தெருவின் மொத்தக் கடையிலிருந்து குக்கிராமத்துச் சந்தைக் கடைவரை எல்லோரிடமும் ஒரு பேனா இருக்கிறது. பொட்டலத்தின் மேல் செடியின் பெயர், எந்தப் பாகம், எத்தனை கிராம், தேதி, உங்கள் கடைப் பெயர். பல சரக்கு சேர்ந்த பொடி என்றால் எல்லாப் பெயரும். இதற்கு அரை நிமிடம் ஆகும். நோயாளி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அந்த மருத்துவருக்கு அந்த ஐந்து வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். எந்தச் சரக்கின் பெயரை உங்களால் பொட்டலத்தின் மேல் எழுத முடியவில்லையோ, அது உங்கள் கடையில் இருக்கக் கூடாது.

நீங்கள் விற்ற சரக்கால் ஒருவருக்குக் கேடு வந்தது என்று தெரிந்தால் பயந்து மறைக்காதீர்கள். சித்த மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் நாடளாவிய திட்டம் ஒன்று நடக்கிறது. சித்த மருத்துவத்துக்கு அதன் மையம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்கே தெரியப்படுத்துங்கள், அல்லது பக்கத்து அரசு சித்த மருத்துவரிடம் மிச்சப் பொடியோடு போய்ச் சொல்லுங்கள்.

நாளைக்குக் கடை திறந்ததும் பெயரில்லாத பொடிப் பைகளை அலமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரக்கை நம்பி வைத்தியம் பார்க்கும் ஒரு சித்த மருத்துவர்